'ஓல்ட்' என்றால் பழையதா? புத்தளத்து அகதிகளும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கிலத்தில் நாம் முதலில் படிக்கும் சொற்களில் ஒன்று 'ஓல்ட்'. இலகுவான சொல்தான். ஆனால் எந்தச் சொல்லுக்கு முன்னால் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும்.

'ஓல்ட் ஹவுஸ்' பழைய வீடு. 'ஓல்ட் மேன்' வயதானவர். 'ஓல்ட் ஃப்ரெண்ட்' நெடுநாள் நண்பர். அவருக்கு 20 வயதாகவும் இருக்கலாம், நட்பு இன்னும் தொடர்கிறது. 'ஓல்ட் ஸ்டூடன்ட்' பழைய மாணவர். அவர் இப்போது அங்கே படிப்பதில்லை. தொடர்வதையும் முடிந்துபோனதையும் ஒரே சொல் குறிக்கிறது.

புத்தளம், கற்பிட்டி பற்றிய ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும்போது இந்தச் சொல்லில்தான் நான் தடுக்கி நிற்கிறேன்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள்.

போர் முடிந்த காலத்தில் அரசும் உதவி நிறுவனங்களும் இடம்பெயர்ந்தோரை இரண்டாகப் பிரித்தன. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் 'ஓல்ட் ஐடிபி', பின் இடம்பெயர்ந்தோர் 'நியூ ஐடிபி'. உயர்பாதுகாப்பு வலயத்தால் 1990 முதல் ஊர் திரும்ப முடியாதிருந்த வலிகாமம் வடக்குத் தமிழரும் 'ஓல்ட்' பட்டியலில்தான். வன்னியில் பல தடவை இடம்பெயர்ந்து 2009இல் மெனிக் பாமுக்கு வந்த முதியவர் 'நியூ'. புத்தளத்து முகாமில் பிறந்த பிள்ளை 'ஓல்ட்'.

அறிக்கை எழுதியவர்கள் சொல்ல வந்தது 'ஓல்ட் ஃப்ரெண்ட்' வகைப் பொருள்: நெடுங்காலமாக இடம்பெயர்ந்திருப்பவர். நாம் அதைப் 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்று எழுதினால், 'பழைய மாணவர்' போல, முன்பு அகதியாக இருந்து இப்போது அப்படி இல்லாதவர் என்றே காதில் விழுகிறது. உதவியிலும் மீள்குடியேற்றத்திலும் முன்னுரிமை 'நியூ' பட்டியலுக்கே போன நாட்களில், இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாக இருக்கவில்லை. வீடும் காணியும் கேட்டு நின்றவர்களின் பிரச்சினை தீர்ந்துவிட்டது போன்ற தோற்றத்தை அந்த ஒரு சொல் கொடுத்தது.

ஆகவே நான் 'பழைய' என்று எழுதுவதில்லை. '1990இல் வெளியேற்றப்பட்டோர்' என்று ஆண்டைப் போட்டு எழுதுகிறேன். வலிகாமத்தவருக்கு '1990 முதல் இடம்பெயர்ந்திருப்போர்'. சற்று நீளமாகலாம்; ஆனால் எப்போது, எப்படி என்பது வாசிப்பவருக்கு விளங்கிவிடும்.