அப்பா வாங்கின கடன் யார் தலையில?

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் தொழில் பண்றவங்க வீட்டுல சாவு விழுந்தா, கருமாதி முடியறதுக்குள்ள ரெண்டு மூணு பேர் வந்து திண்ணையில உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் பையில புரோநோட்டு, இன்னொருத்தர் கையில டீசல் பாக்கிக் கணக்கு. லாரி, ரிக் வண்டி, விசைத்தறி, கோழிப்பண்ணை... எல்லாமே கடன்ல ஓடுற தொழில்தானே! செத்தவர் கடனை யார் கட்டணும்? இந்தக் கேள்விக்குப் பின்னால பெரிய சரித்திரமே இருக்குங்க.

பழைய தர்ம சாஸ்திரப்படி அப்பன் கடனை அடைப்பது மகனுடைய புனிதக் கடமை. குடி, சூதாட்டம் என்று கெட்ட வழியில் பட்ட கடனுக்கு மட்டும் விலக்கு. வெள்ளைக்காரர் கோர்ட்டுகள் வந்தபோது இந்தக் கடமையைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டன. பம்பாய் பக்கம் நிலைமை ரொம்ப மோசம். அப்பா சல்லிக்காசு வைக்காமல் போனாலும் மகன் கைக்காசு போட்டுக் கட்டணும். 1866ல் தனிச்சட்டம் கொண்டுவந்துதான் அதை நிறுத்தினார்கள்.

நம்ம சென்னை மாகாணத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் பரம்பரைச் சொத்து தப்பவில்லை. சிவகிரி ஜமீன் வழக்கில், அப்பா பட்ட கடனுக்கு மகன் கைக்கு வந்த ஜமீனும் பொறுப்புதான் என்று 1882ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. 1908ல் வந்த சிவில் நடைமுறைச் சட்டமும் இதையே உறுதி செய்தது. அதன் 50வது பிரிவுப்படி, இறந்தவருடைய சொத்து வாரிசு கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. 53வது பிரிவு, மகன் கையில் உள்ள பரம்பரைச் சொத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தது.

இடையில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வருகிறார். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் ஆரம்பித்தவர். ராஜாஜிதான்! அவர் சென்னை மாகாண பிரதமராக இருந்தபோது, 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கின கடனாக இருந்து, அசலைப் போல ரெண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது! ஆனால் அது விவசாயிக்கு. வருமான வரி கட்டுகிற வியாபாரிக்கு அதில் இடமில்லை.

பெரிய மாற்றம் 2005ல்தான் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் என்றால் எல்லோருக்கும் பெண்களின் சொத்துரிமைதான் ஞாபகம் வரும். அதே திருத்தத்தில், 'புனிதக் கடமை' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மேல் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் எழுதிவிட்டார்கள். அதற்கு முன் வாங்கின கடனுக்குப் பழைய விதிதான். அதற்காகக் கடனே காணாமல் போய்விடாது. செத்தவருடைய சொத்து, அவர் பங்கு, அதற்கு உண்டு. லோன் போட்ட லாரி அடமானத்தில் இருக்கு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார். கூட்டுத் தொழில் என்றால் மற்ற பங்காளிகளும் பதில் சொல்லணும்.

சரி, இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியா எழுதறேன்? சட்டம் இத்தனை வருஷம் பாடுபட்டு விடுவிச்சதை ஒரே ஒரு கையெழுத்து திரும்பவும் கட்டிப்போட்டுடும். "பழைய நோட்டு காலாவதி ஆகப்போகுதுங்க, சும்மா பேர் மாத்தி எழுதிக் குடுங்க" என்று அழுதுகொண்டிருக்கிற அம்மாவிடம் கேட்பார்கள். புரோநோட்டுக்கு வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு. அந்த அம்மா புது நோட்டு எழுதிக் கொடுத்தால் அது செத்தவர் கடன் இல்லை, அவங்க சொந்தக் கடன். அப்பா வீட்டு நிலம்கூட அதுக்குள்ள வந்துடும்.

வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம்னு நான் சொல்லலை. கடன் கொடுத்தவரும் பாடுபட்டுச் சேர்த்த காசுதான் அது. என்ன சொத்து, என்ன கடன்னு முதல்ல ஒரு கணக்கு எழுதட்டும். அதுவரைக்கும் துக்க வீட்டுல யாராவது பேப்பரை நீட்டினா, "கருமாதி முடியட்டுங்க, வக்கீலைப் பாத்துட்டுச் சொல்றோம்"னு சொல்லச் சொல்லுங்க.