வெள்ளையர் எனப்படுவோர் யாவர்?

சட்டத்தில் ஒரு சொல் இடம்பெறுமாயின், அதன் பொருள் யாது என்னும் வினா என்றேனும் ஒருநாள் நீதிமன்றத்தின் வாயிலுக்கு வந்தே தீரும். ஐக்கிய அமெரிக்காவில் ‘வெள்ளையர்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இதுவே. பிறநாட்டிலிருந்து வந்து குடியேறுவோருள், அடிமையல்லாத வெள்ளையர் மட்டுமே பிரசாவுரிமை பெறலாம் என 1790ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1870இல், ஆபிரிக்க வழிவந்தோருக்கும் அவ்வுரிமை விரிக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனருக்கு அதனை வெளிப்படையாக மறுத்தது. ஏனைய ஆசியர் வெள்ளையரா, அல்லரா என்பதைச் சட்டம் கூறாது விட்டது.

வழக்காடியோர் அறிவியலின் துணையை நாடினர். ஆனால் அறிவியலார் தம்முள் ஒன்றுபட்டிருந்தாரல்லர். சுவீடன் நாட்டு அறிஞர் லினேயசு 1758இல் மனித குலத்தை நான்காகப் பகுத்தார். ஜேர்மானிய அறிஞர் புளூமன்பாக்கு 1795இல் ஐந்து வகை கூறினார். அவருள் ஒரு வகையினருக்குக் காக்கேசியர் என்ற பெயரை அவர் சூட்டியதற்குக் காரணம் வியப்புக்குரியது. தாம் சேர்த்த மண்டையோடுகளுள் காக்கேசிய மலைநாட்டைச் சார்ந்த ஜோர்ஜியப் பெண்ணொருத்தியின் மண்டையோடே மிக அழகியது என அவர் கருதினார். ஆயினும், ஒரு வகை மற்றொன்றோடு படிப்படியாகக் கலந்து செல்வதால், இடையே தெளிவான எல்லை வகுத்தல் அரிது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 1871இல் டார்வின், அறிஞர் கூறிய இனங்களின் தொகை இரண்டிலிருந்து அறுபத்து மூன்று வரை வேறுபடுதலைச் சுட்டிக் காட்டினார்.

இத்தகைய நிலையிலேதான் இரு வழக்குகள் உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. முதலாவது, யப்பானிற் பிறந்த தக்காவோ ஒசாவா என்பவருடையது. அவர் இளமையிலேயே அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவிற் கல்வி பயின்று, பின்னர் ஹவாயில் வாழ்ந்தவர். இல்லத்திலும் ஆங்கிலமே பேசியவர். 1922ஆம் ஆண்டு நவம்பரில் நீதியரசர் சதர்லாந்து தீர்ப்பளித்தார். தோலின் நிறம் அளவுகோல் ஆகாது. ஓர் இனத்தாருள்ளேயே நிறம் பலவாறு வேறுபடும். வெள்ளையர் எனின் காக்கேசிய இனத்தாரே என அவர் கூறினார். ஒசாவாவின் விண்ணப்பம் தள்ளப்பட்டது.

மூன்று மாதங்கள் கழிந்தன. 1923ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரண்டாவது வழக்கு முடிவுற்றது. பஞ்சாபிற் பிறந்த சீக்கியரான பகத் சிங் திண்டு, முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையிற் பணியாற்றியவர். அக்கால இனநூலார் வட இந்தியரைக் காக்கேசியர் என்றே வகுத்திருந்தனர். ஆகவே முன்னைத் தீர்ப்பின்படி தாம் வெள்ளையரே என அவர் வாதிட்டார். அதே நீதியரசர் இம்முறை வேறு வழி சென்றார். ஆரியர் என்பது மொழி பற்றிய பெயரேயன்றி உடல் பற்றியதன்று என்றார். காக்கேசியர் என்னும் சொல்லையும் அறிஞர் கொண்ட பொருளிலன்றிச் சாதாரண மனிதன் கொண்ட பொருளிலேயே கொள்ளுதல் வேண்டும் என்றார். ஒசாவாவைத் தடுக்க உதவிய அறிவியல், திண்டுக்கு உதவ முன்வந்தபோது கைவிடப்பட்டது.

இத்தீர்ப்பின் விளைவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. முன்னரே பிரசாவுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதனை இழந்தனர். அவருள் ஒருவர் சான் பிரான்சிஸ்கோ நகரில் வணிகம் நடாத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர். 1921இல் அவர் பிரசையானவர். அவ்வுரிமை போனதும், கலிபோர்னிய நிலச் சட்டத்தினால் அவருடைய உடைமையும் போயிற்று; தாயகம் சென்றுவர அமெரிக்கக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. 1928இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1921இல் வெள்ளையராக ஏற்கப்பட்டவர் பின்னர் வெள்ளையரல்லர் ஆயினர். அவருடைய உடலிலோ குருதியிலோ யாதொரு மாற்றமும் நிகழவில்லை.

இங்கே தத்துவ அறிஞர் எழுப்பும் வினா எழுகின்றது. இனம் இயற்கை ஈந்ததா, சமுதாயம் ஆக்கியதா? கறுப்பின அமெரிக்க மெய்யியலாளர் அலெயின் லொக்கு, 1916ஆம் ஆண்டளவிலேயே, இனம் என்பது குருதியால் அமைவதன்று, சமுதாய வரலாற்றால் அமைவது என விரிவுரையாற்றினார். டு போயிசு 1940இல் எழுதிய நூலில், ஜோர்ஜியா மாநிலத்தில் ஒதுக்கப்பட்ட புகைவண்டிப் பெட்டியில் ஏறிச் செல்லவேண்டியவன் எவனோ அவனே கறுப்பன் எனக் கருத்துரைத்தார். பிற்கால ஆராய்ச்சியும் இவர்க்கு அரண் செய்தது. மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு ஒவ்வொரு மக்கட் கூட்டத்தினுள்ளேயே அடங்கும் என லெவொன்ரின் 1972இற் காட்டினார்.

எனின், இனம் வெறும் பொய்த்தோற்றம் என்று தள்ளிவிடலாமா? அப்பியா போன்ற மெய்யியலாளர், உயிரியற் பொருளில் இனம் என ஒன்று இல்லை என்பர். வேறு சிலரோ, ஆக்கப்பட்ட பொருளும் உள்பொருளே என்பர். நாணயத்தாளின் மதிப்பு மக்களின் உடன்பாட்டால் வந்ததே. ஆயினும் அது கையில் இல்லாதவன் பசித்திருத்தல் மெய். அவ்வாறே ‘வெள்ளையர்’ என்னும் வகுப்பு மனிதர் ஆக்கியதாயினும், பகாய் இழந்த வீடும் நாடும் மெய்யானவை. இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னது, இனப்பிரிவினைக்கு இயற்கை சான்று கூறாது என்கின்றது. பின்னது, அப்பிரிவினையால் விளைந்த துன்பத்துக்கு மனிதரே பொறுப்பு என்கின்றது.

திண்டு 1936இல், முன்னாட் படைவீரருக்கென இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்வழி பிரசாவுரிமை பெற்றார். 1946இல் இந்தியர் அனைவருக்கும் அவ்வாயில் திறந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமைக்கு இனத்தைத் தகைமையாக்கிய விதியை முற்றாக நீக்கியது. நூற்றறுபத்திரண்டு ஆண்டுகளாக வெள்ளையர் யாவர் என்ற வினாவுக்கு ஐயமற்ற விடையொன்றை அந்நாட்டு மன்றங்கள் காணவில்லை. சட்டம் அவ்வினாவைக் கேளாது விட்டபோது, அதற்கு விடை கூறவேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லாதொழிந்தது.