உடைந்த கைப்பேசியும் தரவு மீட்பும்

கீழே விழுந்து திரை நொறுங்கிய கைப்பேசியும் தண்ணீரில் விழுந்து அணைந்துபோன கைப்பேசியும் உரிமையாளருக்கு ஒன்றுதான்: இரண்டையும் பயன்படுத்த முடியாது. பழுதுபார்ப்பவருக்கு அப்படியல்ல. முதலாவதில் அழைப்பு வந்தால் மணி அடிக்கும், அதிர்வும் இருக்கும். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். இரண்டாவதில் போர்டே அடி வாங்கியிருக்கும். படங்களும் எண்களும் திரும்பக் கிடைக்குமா என்பதை இந்த வேறுபாடுதான் பெருமளவு முடிவுசெய்கிறது.

திரை மட்டும் போயிருந்தால் கவலை குறைவு. சென்னை ரிச்சி தெருவில் தொடங்கிச் சிற்றூர்க் கடைகள் வரை ‘காம்போ’ என்று கேட்டு வாங்கும் பாகம், திரையும் தொடுபரப்பும் சேர்ந்தது. அதை மாற்றினால் தரவுக்கு ஒன்றும் ஆகாது. படம் தெரிந்து தொடுதல் மட்டும் வேலை செய்யாத ஆண்ட்ராய்டு கைப்பேசியில், ஓடிஜி இணைப்பான் வழியாகச் சாதாரண மவுஸைச் செருகலாம். திரையில் அம்புக்குறி தோன்றும். பின் எண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பூட்டைத் திறந்து, கோப்புகளைக் கணினிக்கு நகலெடுக்கலாம். அணைத்துப் போட்ட கைப்பேசி முதல் முறை கைரேகையை ஏற்காது, பின் எண்ணைத்தான் கேட்கும். அது தெரியாமல் உதவ வந்தவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

தண்ணீரில் நனைந்ததை அரிசிக்குள் புதைப்பது பரவலான வழக்கம். அரிசித் துகள்கள் ஐபோனுக்குள் புகுந்து கெடுக்கக்கூடும் என்பதால் அப்படிச் செய்ய வேண்டாம் என்று ஆப்பிள் தன் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. உடனே அணைப்பதும், சார்ஜரை இணைக்காமலிருப்பதும், சீக்கிரம் பிரித்து போர்டைச் சுத்தம் செய்யக் கொடுப்பதும்தான் பயன் தரும். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு வேகமெடுக்கும்.

போர்டு செத்துப்போனால் என்ன செய்வது? முன்பு நினைவகச் சில்லைச் சூடுகாட்டிப் பெயர்த்து, ரீடரில் வைத்துப் படித்தாலே படங்கள் கிடைத்துவிடும். இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-இலிருந்து ஆப்பிள் மறைகுறியீட்டுச் சாவிகளைக் காக்கத் தனிப் பாதுகாப்புப் பகுதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்தது. 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10, அதனுடன் வரும் புதிய கைப்பேசிகள் எல்லாவற்றிலும் மறைகுறியாக்கத்தைக் கட்டாயமாக்கியது. பின் எண்ணும் அந்த வன்பொருளுக்குள் இருக்கும் சாவியும் சேர்ந்தால்தான் தரவு படிக்கும் நிலைக்கு வரும். சில்லை மட்டும் எடுத்தால் கிடைப்பது வெறும் குப்பை எண்கள். ஆகவே இன்றைய தரவு மீட்பு என்பது அந்த போர்டை ஒரே ஒரு முறையாவது உயிர்ப்பிப்பதுதான். நுண்ணோக்கியின் கீழ் ‘ஷார்ட்’ ஆன கெப்பாசிட்டரைத் தேடி மாற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால், பிராசஸரையும் நினைவகத்தையும் சேர்த்தே வேறொரு போர்டுக்கு மாற்றும் நுட்பமான வேலை இருக்கிறது. அதற்கான செலவு பல நேரங்களில் கைப்பேசியின் விலையையே தாண்டிவிடும். வெற்றிக்கும் உறுதி கிடையாது. “எந்த போனிலிருந்தும் எடுத்துத் தருகிறோம்” என்ற விளம்பரத்தை இதனால் நம்பிவிடக் கூடாது.

இத்தனை பாட்டைத் தவிர்ப்பது முன்கூட்டியே எடுத்துவைத்த பேக்கப். கூகுள் இலவசமாக 15 ஜிபி தருகிறது, ஐகிளவுட் 5 ஜிபி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15 ஜிபிக்குள்ளேயே அடங்க வேண்டும். இடம் நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். புதிய கைப்பேசியில் அரட்டைகளை மீட்க அதே எண்ணும் அதே கூகுள் கணக்கும் தேவை. 2021-இல் அறிமுகமான முழு மறைகுறியாக்கப் பேக்கப்பைக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்து இயக்கியவர்கள் அதைத் தொலைத்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் உதவ முடியாது.

சிம் அட்டையைப் பழைய கைப்பேசியிலிருந்து கழற்றிப் புதியதில் போட்டால் எண் உடனே இயங்கும். இ-சிம் வைத்திருப்பவர்கள் அதைப் புதிதாகப் பெற வேண்டும். மாற்று சிம் வாங்கினால் இந்தியாவில் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தப்பட்டிருக்கும். சிம் மோசடியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. வங்கியின் ஓடிபி வராது. குறுஞ்செய்தி அனுப்பிக் கைப்பேசியைச் சரிபார்க்கும் யுபிஐ செயலிகளும் அதுவரை இயங்காது. கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்வது நல்லது.

தரவை எடுத்த பின் பழைய கைப்பேசி இயங்கினால், ஃபேக்டரி ரீசெட் செய்தே பிறர் கையில் தர வேண்டும். மறைகுறியீட்டுச் சாவி அப்போது அழிவதால், உள்ளே மிச்சமிருப்பதை எவரும் படிக்க முடியாது. பேட்டரி உப்பியிருந்தால் வீட்டில் வைத்திராமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம்.