கேரியர்களுக்கிடையே ஹேண்ட்ஓவரும் சுமைப் பகிர்வும்

செல்பேசி வலையமைப்பில் ஒரே பகுதியைப் பல அலைவரிசைகள் மூடியிருக்கும்போது, எந்த போன் எந்தக் கேரியரில் (அலைவரிசைத் துண்டில்) இருக்க வேண்டும் என்று தீர்மானித்து இடம் மாற்றும் முறை. இந்தியாவில் 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஜியோவின் 4ஜி இதற்கு நல்ல உதாரணம்.

அலையின் இயல்பிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஆன்டெனா ஒரேமாதிரி இருந்தால், வெட்டவெளியிலேயே 2300-ஐவிட 850-இல் இழப்பு சுமார் 8.6 டெசிபல் குறைவு; சுவரைத் தாண்டுவதிலும் 850-க்கே கை ஓங்கும். ஆனால் தாழ்ந்த அலைவரிசையில் கேரியர் பெரும்பாலும் குறுகலானது. 5 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) கேரியரில், போன்களுக்குப் பங்கிடும் வளத்தொகுதிகள் 25தான். 20 மெகாஹெர்ட்ஸில் 100. சிக்னல் பலத்தை மட்டும் பார்த்தால் டவரடியில் நிற்பவரும் 850-இலேயே ஒட்டிக்கொள்வார். அதைவிட்டால் வேறு கதியில்லாத உள்ளறைக்காரருக்கு இடமிருக்காது. சிக்னல் கோடு முழுதாக இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது மாற்றுவது என்பதற்கு எல்டிஇ தரநிலையில் விதிகள் உண்டு. ஒரே அலைவரிசைக்குள் ஏ3 விதி போதும்: பக்கத்து செல் குறித்த அளவு பலமானால் மாறலாம். அலைவரிசை விட்டு அலைவரிசை போக, ஏ5 விதியே பொருத்தம்: இருக்கும் செல் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், போகும் செல் இன்னொரு வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். சுமையை இறக்கிவிட ஏ4 உண்டு. போகும் செல் தேவையான அளவு கிடைத்தாலே போதும், பலத்தில் மிஞ்ச வேண்டியதில்லை.

அளப்பதிலும் இழப்பு உண்டு. வேறு அலைவரிசையைக் கேட்க, பல போன்கள் 40 அல்லது 80 மில்லிவினாடிக்கு ஒருமுறை 6 மில்லிவினாடி தரவை நிறுத்தியாக வேண்டும். ஆகவே, பேச்சோ தரவோ ஓடாத நேரத்திலேயே போன்களைப் பிரித்து வைப்பது மலிவான வழி. இதற்காக ஒவ்வொரு அலைவரிசைக்கும் 0 முதல் 7 வரை முன்னுரிமை அறிவிக்கப்படும். இணைப்பை விடும்போது ஒரு போனுக்கு மட்டும் தனி முன்னுரிமை கொடுத்து, அதை 5 முதல் 180 நிமிடம்வரை செல்லுபடியாக்கவும் முடியும்.

ஒரு செல் தள்ளிவிட, மற்றது தன் விதிப்படி திருப்பியனுப்பினால் போன் பந்தாடப்படும். எல்டிஇ தரநிலையின் ரிலீஸ் 9-இல் வந்த ஏற்பாடு இதைத் தவிர்க்கத்தான்: டவர்கள் எக்ஸ்2 இணைப்பில் சுமை நிலவரத்தைப் பகிர்ந்து, ஹேண்ட்ஓவர் வரம்பை இருபுறமும் பேசி நகர்த்தலாம்.

ரிலீஸ் 10-இன் கேரியர் திரட்டல் வந்தபின், ஒரு போன் பல கேரியர்களில் ஒரேநேரம் தரவிறக்குகிறது. பங்கீடு மில்லிவினாடிக் கணக்கில் நடக்கிறது. ஆனாலும் முதன்மை செல் ஒன்றே. பதிவேற்றம் பெரும்பாலும் அதில் மட்டுமே போவதால், அதைத் தேர்வதற்கு இன்றும் ஏ5 வரம்புகளையே திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.