பேங்க் "பொட்டின" கதையும் நம்ம டெபாசிட்டும்

கரமனையில் "பேங்க் திவாலாச்சு" என்று சொல்ல மாட்டார்கள். "பேங்க் பொட்டிடுத்து" என்பார்கள். மலையாளத்து வார்த்தை, நம் தமிழில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. பேங்க் ஃபாரத்தில் நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் வார்த்தைகளில் பாதி அந்தக் கதையிலேயே புரிந்துவிடும்.

1912ல் திருவல்லாவில் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை திருவிதாங்கூர் நேஷனல் பேங்க்கை ஆரம்பித்தார். மலையாள மனோரமா ஆசிரியரும் அவரேதான். 1937ல் அது சி.பி. மாத்தனின் கொல்லம் (குயிலோன்) பேங்க்கோடு இணைந்து, தென்னிந்தியாவின் பெரிய பேங்க்குகளில் ஒன்றானது. மறு வருஷம் ஜூனில் கதவை மூடிவிட்டது!

நடுவில் நடந்ததற்குப் பெயர் <b>ரன்</b>. டெபாசிட் போட்டால் நம் பணம் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் <b>டெபாசிட்</b> என்பது நாம் பேங்க்குக்குக் கொடுக்கும் கடன். அதில் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை வெளியே கடன் கொடுத்துவிடுவார்கள். ஒரே வாரத்தில் எல்லோரும் கவுண்டரில் போய் நின்றால் எந்த பேங்க்கும் தாங்காது. சொத்து இருக்கும், ரொக்கம் இருக்காது. இது <b>லிக்விடிட்டி</b> பிரச்சினை. கொடுத்த கடனே திரும்பி வராது என்றால் அது <b>சால்வன்சி</b> பிரச்சினை. முதலாவது ஜலதோஷம், இரண்டாவது இருதய நோய். ஆனால் வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், பணம் கிடைக்கவில்லை.

1938ல் எது நடந்தது என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. பொறுப்பாட்சி கேட்டவர்களுக்கு பேங்க் முதலாளிகள் துணை நின்றதால் திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் பழிவாங்கினார் என்பது ஒன்று. நிர்வாகமே சரியில்லை என்பது மற்றது. 1935ல்தான் பிறந்திருந்த ரிசர்வ் பேங்க் கைகொடுக்கவில்லை. அந்த வருஷமே மாம்மன் மாப்பிள்ளையும் மாத்தனும் சென்னையில் கைதாகி, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, சிறைக்குப் போனார்கள். பேங்க் <b>லிக்விடேஷனுக்கு</b> போனது. அதாவது சொத்தை விற்று, கடனை வசூலித்து, கிடைத்ததைப் பங்கு போடுவது. பெண் கல்யாணத்துக்கு வைத்த பணம் எப்போது, எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

(மாம்மன் மாப்பிள்ளையின் மகன் 1946ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு பலூன் கம்பெனி தொடங்கினார். இன்றைய எம்.ஆர்.எஃப். அதுதான்.)

அடுத்த அடி 1960 ஆகஸ்டில். ரிசர்வ் பேங்க் கேட்டுக்கொண்டதன் பேரில் கேரள ஹைகோர்ட் பாலாய் சென்ட்ரல் பேங்க்கை மூட உத்தரவிட்டது. இந்தத் தடவை அரசு விழித்துக்கொண்டது. கொஞ்ச காலம் பணம் எடுப்பதை நிறுத்திவைத்து பேங்க்கைக் காப்பாற்ற வழி தேடும் <b>மொரட்டோரியம்</b> அந்த வருஷமே சட்டத்தில் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் <b>டெபாசிட் இன்சூரன்ஸ்</b>. அமெரிக்கா 1933லேயே சட்டம் போட்டுச் செய்த காரியம் இது. நம் ஊரில் முதல் வரம்பு 1,500 ரூபாய். 1993ல் 1 லட்சம். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம்.

இனி நமக்கு வேண்டிய விஷயம். ஊரில் அப்பா அம்மா பெயரில் நாம் போடும் பணத்துக்கு இந்த 5 லட்சம் எப்படிப் பொருந்தும்?

1. ஒரு ஆளுக்கு, ஒரு பேங்க்குக்கு 5 லட்சம். கரமனை பிராஞ்சில் ஒன்று, தம்பானூர் பிராஞ்சில் ஒன்று என்று பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்குதான்.

2. அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம்.

3. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. டெபாசிட்டுக்கும் உண்டு.

4. பேங்க்குகள் இணைந்தால் வரம்பும் ஒன்றாகிவிடும். 2017 ஏப்ரல் 1ல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர், எஸ்.பி.ஐ.யோடு கலந்தது. இரண்டிலும் டெபாசிட் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பாதுகாப்பு ஒன்றானது. எத்தனை பேர் கவனித்தோம்?

5. மிக முக்கியம்: நம் தெருக்கோடியில் இருக்கும் கூட்டுறவு சங்கம், என்னதான் ஜனங்கள் "பேங்க்" என்று கூப்பிட்டாலும், சங்கமாக இருந்தால் இந்த இன்சூரன்ஸ் கிடையாது. சிட்டிக்கும் கிடையாது. ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் பெற்ற கூட்டுறவு பேங்க் என்றால் உண்டு.

பெரியவர்கள் அரை சதவீதம் வட்டி கூட வருகிறது என்று சங்கத்தில் போட்டுவிடுவார்கள். மேனேஜர் தெரிந்தவர், வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்... 1938லும் தெரிந்தவர்கள்தானே நடத்தினார்கள்! அடுத்த போனில் "மருந்து சாப்டாச்சா?" என்று கேட்டதும், "டெபாசிட் எங்கே, எவ்வளவு?" என்றும் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் எதைப் பிரிக்க வேண்டும் என்றே தெரியும்.