படம் சொல்லாதது: பல் எக்ஸ்-ரேயில் கோணமும் சான்றும்

பல் எக்ஸ்-ரேயில் எதுவும் தெரியவில்லை என்றால் நோயும் இல்லை என்று கொள்வது எளிது. ஆனால் முப்பரிமாணம் கொண்ட பல்லும் தாடையும் ஒரே தளத்தில் நிழலாக விழும்போது, கதிர் வந்த கோணமே எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று தீர்மானித்துவிடுகிறது. ஆகவே 'ஒன்றுமில்லை' என்ற முடிவு, எடுத்த கோணம் அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடியதா என்பதைப் பொறுத்தே மதிப்புப் பெறும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அடுத்தடுத்த இரு கடைவாய்ப் பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்றுக் கீழே, எனாமலில் தொடங்கும் சொத்தையை எடுத்துக்கொள்வோம். சீசின்ஸ்கி 1907இல் வகுத்த இருசமக்கோண விதிப்படி, பல்லின் அச்சுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான கோணத்தை இரண்டாக வெட்டும் கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிர் பாயும். பல்லின் நீளம் ஏறத்தாழச் சரியாக வரும். ஆனால் மேல் கடைவாயில் கதிர் அதிகம் சாய்வதால் கன்ன எலும்பின் நிழல் வேர்கள்மீது விழலாம், எலும்பு விளிம்பின் உயரமும் பிறழும். ரேப்பர் 1925இல் அறிமுகப்படுத்திய பைட்விங் முறையிலோ ஃபிலிம் பல்முடிகளுக்கு இணையாக நிற்கிறது. பற்களின் இடைவெளியும் எலும்பு விளிம்பும் தெளிவாகத் தெரியும். வேர்முனை மட்டும் படத்துக்கு வெளியே போய்விடும். வேர்முனையைக் காட்டும் படத்துக்கும் எல்லை உண்டு. உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பு மட்டும் அரிக்கப்பட்டால் படத்தில் தெரியாமல் போகலாம் என்றும், கெட்டியான புற எலும்பை அரிப்பு தொட்ட பிறகே நிழல் தெளிவாகும் என்றும் பெண்டரும் செல்ட்சரும் 1961இல் தாடை எலும்புகளில் செயற்கைக் குழிகள் உண்டாக்கிக் காட்டினர்.

இத்தனை படங்கள் எதற்கு, தாடை முழுவதையும் ஒரே வீச்சில் காட்டும் ஓ.பி.ஜி. போதாதா என்று கேட்கலாம். புதைந்த ஞானப்பல், நீர்க்கட்டி, தாடை முறிவு ஆகியவற்றுக்கு அது ஏற்றதே. ஆனால் அது தன் குவியத் தளத்துக்குள் அடங்குவதை மட்டுமே கூர்மையாகக் காட்டும். முன்கடைவாய்ப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். முன்பற்கள்மீது கழுத்தெலும்பின் நிழல் விழும். மேற்படிவுச் சிக்கலைத் தீர்க்கும் முப்பரிமாண ஸ்கேனான சி.பி.சி.டி.யையே எல்லோருக்கும் எடுக்கலாமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. எனினும் உலோக அடைப்பும் கிரவுனும் அதில் கீற்றுகளை உண்டாக்கிச் சொத்தையை மறைக்கலாம், இல்லாத சொத்தையைக் காட்டவும் செய்யலாம். ஒரு சிறு படத்தைவிடக் கதிரளவும் கூடுதல். பல சமயங்களில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கிளார்க் 1910இல் விளக்கியபடி, எக்ஸ்-ரே குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால், குழாய் நகர்ந்த திசையிலேயே நகர்வது உட்புற வேர், எதிர்த்திசையில் போவது கன்னப்புற வேர். மேல் முதல் முன்கடைவாய்ப் பல்லின் இரு வேர்களையும் இப்படிப் பிரித்தறியலாம்.

இதன் நடைமுறைப் பொருள் அறிக்கை எழுதும் முறையில் இருக்கிறது. பற்கள் மேற்படிந்த பைட்விங்கைப் பார்த்து 'சொத்தை இல்லை' என்று எழுதுவது தவறு. 'மேற்படிவால் இவ்விடத்தை மதிப்பிட இயலவில்லை' என்பதே படம் தாங்கும் முடிவு. முன்னது நோயாளியைச் சிகிச்சையின்றி வீட்டுக்கு அனுப்பிவிடும். பின்னது கோணத்தைத் திருத்தி எடுக்க வேண்டிய அடுத்த படத்தைக் கேட்கும்.