பிரேக் இன்ஸ்பெக்டரும் ஓசூர் டூ-ஸ்ட்ரோக்கும்

மோட்டார் வாகன ஆய்வாளர்னு சொன்னா எங்க ஓசூர்ப் பக்கம் பாதிப் பேருக்குப் புரியாது. "பிரேக் இன்ஸ்பெக்டர்"னு சொல்லணும். லாரி டிரைவர்ல இருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் அவருக்கு அதுதான் பேரு. வண்டியை ஓட்டிப் பார்த்து, பிரேக் போட்டுப் பார்க்கிறவர்ங்கிற அர்த்தத்துல வந்திருக்கணும். பேர்ல பிரேக் இருக்கு, வேலையில எவ்வளவு இருக்குங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் சட்டம். பொறுத்துக்குங்க மக்கா :-)

வெள்ளைக்காரன் காலத்து 1939 மோட்டார் வாகனச் சட்டத்துலயே 38-ஆம் பிரிவு லாரி, பஸ் மாதிரி வண்டிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டது. நாம இன்னிக்கும் "எஃப்.சி. காட்டணும்"னு சொல்றோமே, அதோட பூர்வீகம் அதுதான். அந்தப் பட்டியல்ல சொந்த பைக் கிடையாது. அதுக்குக் கெடு வச்சது 1988 சட்டம். 1989 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 41-ஆம் பிரிவு, ஏழாவது உட்பிரிவு: சொந்த உபயோக வண்டியோட பதிவு 15 வருஷம்தான் செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும், ஒவ்வொரு தடவையும் அஞ்சு வருஷம். இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி பதிவான வண்டிக்கும் இதே கணக்குன்னு அந்த உட்பிரிவுலயே எழுதி வச்சுட்டாங்க. அந்த ஒரு வரியாலதான் ஓசூர் பைக்குகள் உள்ளே வருது.

சிப்காட் வந்த பிறகுதான் ஓசூருக்கு இந்த முகம். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கேருந்துதான் கிளம்புச்சு. 1984-இல் சுசுகியோட கூட்டு சேர்ந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ்100. 98 சிசி, டூ-ஸ்ட்ரோக், ரெண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நூறு சிசி ஜப்பான் எஞ்சின்னா என்னன்னு நம்ம ஊர்ப் பசங்களுக்குக் காட்டின வண்டிகள்ல இதுவும் ஒண்ணு. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்த எங்கப்பா 1986 டிசம்பர்ல ஒண்ணு வாங்கினார். பழைய மூணெழுத்து நம்பர். அப்போ நாங்க தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரி 9-இல்தான். டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிஞ்சது 2001. அதே வருஷம்தான் எங்க வண்டிக்கு முதல் 15 முடிஞ்சது. கம்பெனிகளே பிரிஞ்சாச்சு, அவங்க சேர்ந்து பண்ணின வண்டி மட்டும் வரிசையில நிக்குது!

2001, 2006, 2011 எல்லாம் அப்பா பார்த்துக்கிட்டார். 2016-இல் நானும் கூடப் போனேன், அப்போ இஞ்சினியரிங் படிச்சுட்டிருந்தேன். அலுவலகம் எதுன்னு சொல்ல வேண்டாம். சேஸிஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்தாங்க. ஹாரன் அடிச்சுக் காட்டினோம். லைட், இண்டிகேட்டர் போட்டுக் காட்டினோம். முடிஞ்சது. வண்டியை யாரும் ஓட்டிப் பார்க்கலை. ஸ்விங் ஆர்ம் புஷ் தேஞ்சு பின்சக்கரம் லேசா ஆடிக்கிட்டிருந்தது. பின்சக்கரத்தைப் பிடிச்சு பக்கவாட்டுல ஒரு ஆட்டு ஆட்டினா தெரிஞ்சிருக்கும். 2021-இல் நான் தனியா எடுத்துட்டுப் போனப்போ திருப்பி அனுப்பினாங்க. காரணம், இடது பக்கக் கண்ணாடி இல்லை, நம்பர் பிளேட்ல பெயிண்ட் மங்கல். ரெண்டும் நியாயமான காரணம்தான், சண்டை போடலை. புஷ்ஷை நாங்களே அதுக்குள்ள மாத்தியிருந்தோம், அதையும் யாரும் கேக்கலை.

ஆளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லீங்க. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 62-ஆவது விதியில வாடகை வண்டிகளுக்கு என்னென்ன பார்க்கணும்னு ஒரு பட்டியல் உண்டு. ஸ்பார்க் பிளக், ஹெட்லைட், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டீயரிங்... பைக்கைப் பார்க்கிறவர் மனசுலயும் இதுதான் ஓடும்னு நினைக்கிறேன். பழைய பைக் ஆளைத் தள்ளிவிடுறது வேற இடத்துல: ஸ்விங் ஆர்ம் புஷ், ஃபோர்க் ஆயில் சீல், ஸ்டீயரிங் பால் ரேஸ், தேஞ்ச ஸ்ப்ராக்கெட், எண்ணெய் இறங்கின பிரேக் ஷூ. நின்னுட்டிருக்கிற வண்டியைச் சுத்தி வந்தா இதுல பாதி தெரியாது.

புகை டெஸ்ட் கதை இதைவிட சுவாரசியம். 2004 அக்டோபர் 1 முதல் உள்ள வரம்புப்படி, 2000 மார்ச் 31-க்கு முன்னாடி தயாரான டூ-வீலருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரை அனுமதி. அளக்கிறது ஐட்லிங்ல மட்டும். டூ-ஸ்ட்ரோக்ல எரியாத பெட்ரோல் கொஞ்சம் எக்ஸாஸ்ட் போர்ட் வழியா அப்படியே வெளியே போயிடும், கூடவே 2டி ஆயிலும் எரியும். பின்னாடி வர்றவர் கண்ணுல தண்ணி வரவைக்கிற அந்த ஆயில் புகையை இந்த மெஷின் அளக்கவே அளக்காது. மெக்கானிக் அண்ணன்கள் டெஸ்டுக்கு முன்னாடி கார்புரேட்டர் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுத்து வெளியே திருப்புவாங்க. மிக்சர் லீன் ஆகி ரீடிங் இறங்கும். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் ஸ்க்ரூ பழைய இடத்துக்கு. டெஸ்ட் கேஸை மட்டும் பாஸ் பண்ண கோடு எழுதுற என் சக ஊழியர்கள் இதைப் படிச்சு வெக்கப்படலாம் ;-)

மத்த ஊர்ல எப்படி? இங்கிலாந்துல 1960 செப்டம்பர்ல எம்.ஓ.டி. டெஸ்ட் ஆரம்பிச்சப்போ பத்து வயசு தாண்டின வண்டிக்குத்தான். பிரேக், லைட், ஸ்டீயரிங் மட்டும். ஏகப்பட்ட வண்டி ஃபெயில். அடுத்த வருஷமே ஏழு வயசுன்னு குறைச்சாங்க, 1967-இல் மூணு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் காட்டணும். சிங்கைப் பதிவர்களுக்குத் தெரியும், அங்கேயும் மூணு வயசு தாண்டின பைக்குக்கு வருஷாந்திரச் சோதனை உண்டு. நம்ம கணக்கு 15-லயே நிக்குது. நாளொன்றுக்கு அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய்வர ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுற ஒருத்தர் 15 வருஷத்துல எவ்வளவு ஓட்டுவார்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. முதல் சோதனைக்கு முன்னாடியே ஒரு லட்சம் தாண்டிடும்.

மாறினது கட்டணம்தான். டூ-வீலர் புதுப்பிப்பு 300 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் 1000. 2025 ஆகஸ்ட்ல, 20 வயசு தாண்டின பைக்குன்னா 2000-ன்னு ஆக்கினாங்க. பசுமை வரி தனி. பழசை ஒழிக்கணும்ங்கிற நோக்கம் புரியுது. ஆனா இது வயசுக்குப் போடுற விலை, நல்லா வச்சிருக்கிறவருக்கும் உடைஞ்சதை ஓட்டுறவருக்கும் ஒரே பில். 2021-இல் வந்த தானியங்கிச் சோதனை நிலைய விதிகள் உருளை மேல சக்கரத்தை ஓடவிட்டு பிரேக்கை எண்ணா அளக்கச் சொல்லுது. அந்த உருளையில லாரிதான் முதல்ல ஏறுது. எங்கப்பா பைக் மாதிரி ஒண்ணு ஏறுற நாளுக்குத்தான் நான் காத்திருக்கேன்.

எங்க வண்டிக்கு அடுத்த கெடு 2026 டிசம்பர். அப்பாவுக்கு இப்போ முழங்கால் வலி, கிக்கர் உதைக்கிறது நான்தான். முன் பிரேக் ஷூவும் கேபிளும் மாத்தியாச்சு. ஃபோர்க் சீல் கிடைக்கலை, பெங்களூரு ஜே.சி. ரோட்ல தேடிட்டிருக்கேன். யார்கிட்டயாவது ஏஎக்ஸ்100 சீல் இருந்தா சொல்லுங்கப்பு.